தாவும் மரபணுக்கள்: இருந்த இடத்தில் இருக்காத டி.என்.ஏ.

பள்ளியில் உயிரியல் படித்த யாரும் மெண்டலின் பட்டாணியிடமிருந்து தப்பியிருக்க முடியாது. உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அதற்கடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று சுருக்கம். மெண்டல் இதை 1866-இல் அச்சில் வெளியிட்டார். ஆனால் சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பதற்கு டி.என்.ஏ. அளவில் விடை கிடைக்க 1990 ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தினர் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தார்கள். மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதியை உருவாக்கும் மரபணு அது. உருண்டைப் பட்டாணியில் அது முழுதாக இருந்தது. சுருங்கிய பட்டாணியில் அதற்குள் சம்பந்தமே இல்லாத ஒரு டி.என்.ஏ. துண்டு, சுமார் 800 எழுத்து நீளத்தில், வந்து உட்கார்ந்திருந்தது. அதனால் நொதி சரியாக உருவாகவில்லை. மாவுச்சத்தாக மாறவேண்டிய சர்க்கரை சர்க்கரையாகவே தேங்கியது. சர்க்கரை கூடுதலாக உள்ள விதை அதிகத் தண்ணீரை இழுத்து உப்புகிறது. முற்றிக் காயும்போது தண்ணீர் வெளியேறி, தோல் சுருங்குகிறது.

இப்படி ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் போய்ச் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகளைத்தான் தாவும் மரபணுக்கள் என்கிறோம். ஆய்வாளர்கள் டிரான்ஸ்போசான் என்பார்கள். மரபியலின் முதல் பாடத்திலேயே ஒன்று ஒளிந்திருந்தது, நூறாண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

மேலே போவதற்கு முன் அடிப்படையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். டி.என்.ஏ. என்பது நான்கே வகை வேதி எழுத்துகள் மாறி மாறி வரும் ஒரு நீண்ட இழை. ஏ, டி, ஜி, சி என்று அவற்றைக் குறிப்பிடுவார்கள். இரட்டை இழையில் ஏ எப்போதும் டி-யோடும், ஜி எப்போதும் சி-யோடும் இணைசேரும். அந்த இழையில் ஒரு புரதத்துக்கான செய்முறை அடங்கிய பகுதி ஒரு மரபணு. ஓர் உயிரியின் மொத்த டி.என்.ஏ.வையும் சேர்த்து மரபணுத்தொகை, அதாவது ஜீனோம், என்கிறோம். மனிதருக்கு அது ஏறத்தாழ 300 கோடி எழுத்து. மரபணு வேலை செய்யும்போது முதலில் செல் அதை ஆர்.என்.ஏ. என்ற தற்காலிக நகலாகப் படியெடுக்கும். அந்த நகலைப் படித்துப் புரதம் கட்டப்படும். இந்த வரிசை நினைவில் இருந்தால் போதும். பிறகு இதே வரிசையைத் தலைகீழாக ஓட்டும் ஒரு ஆசாமியைச் சந்திக்கப்போகிறோம்.

1940-கள் வரை மரபணு என்றால் குரோமோசோமில், அதாவது செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் இழையில், தனக்கென்று நிலையான இடம் கொண்டது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எந்த மரபணு எதற்குப் பக்கத்தில் என்று வரைபடமே போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வரைபடக் கலையில் கைதேர்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பார்பரா மெக்ளின்டாக். அந்த நம்பிக்கையை உடைத்தவரும் அவரே.

நியூயார்க் மாநிலத்தில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் அவர் மக்காச்சோளம் வளர்த்து ஆராய்ந்தார். மக்காச்சோளம் மரபியலுக்குக் கிடைத்த வரம். ஒரு கதிரில் நூற்றுக்கணக்கான மணிகள். ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கருவுற்ற ஒரு சந்ததி. பெற்றோரின் மரபணுக்கள் எப்படிக் கலந்தன என்பதை மணியின் நிறத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். மெக்ளின்டாக்கின் கவனத்தை இழுத்தவை புள்ளி போட்ட மணிகள். வெளிறிய மணியில் ஊதாத் திட்டுகள். சிலவற்றில் பெரிய திட்டு, சிலவற்றில் பொடிப் பொடியான புள்ளி.

முதலில் அவர் கண்டது குரோமோசோம் முறிவு. ஒன்பதாவது குரோமோசோம் அடிக்கடி முறிந்தது, அதுவும் ஒரே இடத்தில். அந்த இடத்தில் இருந்த ஏதோ ஒன்றுக்கு டிசோசியேஷன் என்று பெயர் வைத்தார். அது தானாக எதையும் முறிக்கவில்லை. ஆக்டிவேட்டர் என்று அவர் பெயரிட்ட இன்னொரு கூறு அதே செல்லில் இருந்தால்தான் முறிவு நடந்தது. பிறகு சில செடிகளில் முறியும் இடமே மாறிவிட்டதைக் கவனித்தார். டிசோசியேஷன் பழைய இடத்தில் இல்லை. குரோமோசோமில் வேறோரிடத்தில் இருந்தது. 1948 வாக்கில் அவருக்கு இது உறுதியாயிற்று. 1950-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்.

புள்ளிகளின் கதையும் இதோடு விளங்கிவிட்டது. ஊதா நிறமியைத் தூண்டும் மரபணுவுக்குள் டிசோசியேஷன் போய் உட்கார்ந்துவிட்டால் மணி நிறமில்லாமல் வளரும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அது வெளியேறினால் அந்த மரபணு மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். அந்தச் செல் பிரிந்து உண்டாகும் எல்லாச் செல்களும் ஊதா. வளர்ச்சியின் தொடக்கத்திலேயே வெளியேறினால் பெரிய திட்டு. கடைசியில் வெளியேறினால் சிறு புள்ளி. ஆக, மணியின் மேல் தெரியும் புள்ளியின் அளவைப் பார்த்தே தாவல் எப்போது நடந்தது என்று சொல்லிவிடலாம். மணியில் ஆக்டிவேட்டர் ஒன்றுக்குப் பதில் இரண்டோ மூன்றோ இருந்தால் தாவல் தாமதமாகிறது, புள்ளிகள் சிறுக்கின்றன என்பதையும் அவர் கண்டுபிடித்தார். இத்தனையும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியாவதற்கு முன்னால். உருப்பெருக்கி, செடி, பொறுமை, அவ்வளவுதான் கருவி.

1951-இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் இதை விளக்கியபோது அவையில் பெரும்பாலும் மௌனம்தான் என்று சொல்வார்கள். உலகமே அவரைக் கேலி செய்து ஒதுக்கியது, பின்னர் நோபல் பரிசு வந்து நியாயம் செய்தது என்ற கதை பரவலாக ஓடுகிறது. நான் அதை முழுதாக ஏற்கமாட்டேன். மக்காச்சோள ஆய்வாளர்கள் தாவல் நடப்பதை ஒப்புக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே வேறு ஆய்வகங்களிலும் அதைப் பார்த்தார்கள். பலருக்குச் செரிக்காதது வேறு. ஒரே மரபணுக்களை வைத்துக்கொண்டு இலையும் வேரும் எப்படி வேறு வேறாக உருவாகின்றன என்ற கேள்விக்கு இந்தத் தாவும் கூறுகளே விடை என்று மெக்ளின்டாக் வாதிட்டார். அவற்றைக் கட்டுப்படுத்தும் கூறுகள் என்றே அழைத்தார். அந்தப் பெரிய கோட்பாடு அப்படியே நிலைக்கவில்லை. தாவல் நிலைத்தது. 1983-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு யாருடனும் பங்கில்லாமல் அவருக்கு வந்தபோது வயது 81.

சரி, தாவல் எப்படி நடக்கிறது? வழிகள் இரண்டு.

முதல் வழி, வெட்டி ஒட்டுதல். மக்காச்சோளத்தின் ஆக்டிவேட்டர் இந்த வகை. அதன் நீளம் சுமார் 4,600 எழுத்து. அதற்குள் ஒரே ஒரு மரபணு. அது உண்டாக்கும் நொதிக்கு டிரான்ஸ்போசேஸ் என்று பெயர். துண்டின் இரு முனைகளிலும் ஒரே எழுத்துவரிசை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இருக்கும். நொதி அந்த முனைகளை அடையாளம் கண்டு பற்றி, இரண்டையும் அருகருகே கொண்டுவந்து, துண்டை வெட்டியெடுக்கிறது. பிறகு அதே நொதி வேறோரிடத்தில் டி.என்.ஏ.வை வெட்டி அங்கே துண்டைச் செருகுகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். புதிய இடத்தை வெட்டும்போது இரண்டு இழைகளையும் நேருக்கு நேராக வெட்டுவதில்லை. சில எழுத்து தள்ளித் தள்ளி வெட்டுகிறது. அதனால் இரு பக்கமும் ஒற்றை இழையாக வால் நீட்டிக்கொண்டிருக்கும். செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் அந்த இடைவெளிகளை நிரப்பும்போது, செருகப்பட்ட துண்டின் இரு பக்கங்களிலும் ஒரே குட்டி வரிசை இரட்டித்து நிற்கும். ஆக்டிவேட்டருக்கு அது 8 எழுத்து. பின்னாளில் துண்டு அங்கிருந்து கிளம்பிப் போனாலும் இந்த இரட்டிப்பு முழுதும் மறைவதில்லை. சில எழுத்துகள் தடயமாகத் தங்கிவிடும். ஆய்வாளர்கள் இதைக் கால்தடம் என்றே சொல்கிறார்கள். ஒரு மரபணுத்தொகையைப் படிக்கும்போது இங்கே எப்போதோ ஒன்று வந்து போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

மெக்ளின்டாக் கண்ட இரட்டையரின் மர்மமும் இதில் தீர்ந்துவிடுகிறது. டிசோசியேஷன் என்பது நடுப்பகுதி சிதைந்து போன ஆக்டிவேட்டர். முனைகள் இருக்கின்றன, நொதி செய்யும் மரபணு இல்லை. ஆகவே அதே செல்லில் முழு ஆக்டிவேட்டர் ஒன்று நொதியை உண்டாக்கிக் கொடுத்தால்தான் அது நகரும். அப்புறம், நம் சுருங்கிய பட்டாணியில் இருந்த துண்டும் ஆக்டிவேட்டர் குடும்பத்தைப் போன்ற அமைப்புடையதுதான்.

வெட்டி ஒட்டினால் எண்ணிக்கை கூடாதே என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான சந்தேகம். ஆனால் செல் பிரியும் முன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்படுகிறது, அதுவும் பகுதி பகுதியாக. ஏற்கெனவே படியெடுக்கப்பட்ட பகுதியில் இப்போது இந்தத் துண்டு இரண்டு. அதில் ஒன்று கிளம்பி இன்னும் படியெடுக்கப்படாத பகுதிக்குத் தாவினால் அங்கே மறுபடியும் படியெடுக்கப்படும். இரண்டு மூன்றாகிவிட்டது. துண்டு வெளியேறிய ஓட்டையைச் செல் பக்கத்து நகலைப் பார்த்து நிரப்பினால், கிளம்பிப் போன துண்டு பழைய இடத்திலும் திரும்ப முளைத்துவிடும்.

இரண்டாவது வழி, நகலெடுத்து ஒட்டுதல். இதில் பழைய துண்டு நகர்வதே இல்லை. அது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, அந்த ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றப்பட்டுப் புதிய இடத்தில் செருகப்படுகிறது. ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. என்பது வழக்கமான வரிசைக்கு நேர்த் தலைகீழ். இதைச் செய்யும் நொதிக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். 1970-இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் இதை வைரஸ்களில் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இவ்வழியில் பரவும் துண்டுகள் ரெட்ரோடிரான்ஸ்போசான்கள்.

இவை உண்மையிலேயே ஆர்.என்.ஏ. வழியாகத்தான் போகின்றன என்று எப்படி நிரூபிப்பது? 1985-இல் ஜெஃப் போக்கேவும் ஜெரால்ட் ஃபிங்க்கும் குழுவினரும் ஈஸ்ட்டில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. பல மரபணுக்களில் இன்ட்ரான் என்ற இடைச்செருகல் உண்டு, ஆர்.என்.ஏ. நகலைப் பக்குவப்படுத்தும்போது செல் அதை வெட்டி எறிந்துவிடும். டி.என்.ஏ.வில் மட்டும் அது அப்படியே இருக்கும். ஆய்வாளர்கள் ஈஸ்ட்டின் ஒரு தாவும் துண்டுக்குள் வேண்டுமென்றே ஓர் இன்ட்ரானைச் செருகிவிட்டுக் காத்திருந்தார்கள். துண்டு புதிய இடங்களுக்குப் பரவியது. அங்கே இருந்த நகல்களில் இன்ட்ரான் இல்லை. நடுவில் ஆர்.என்.ஏ.வாக இருந்திருந்தால் ஒழிய இது சாத்தியமில்லை. விவாதம் முடிந்தது.

மனித மரபணுத்தொகையில் இப்போதும் ஓடிக்கொண்டிருப்பது இந்த இரண்டாவது வழிதான். வெட்டி ஒட்டும் வகை நம்மிடம் சுமார் 3 சதவீதம் இருக்கிறது. ஆனால் எல்லாம் செத்த படிவங்கள், பல கோடி ஆண்டுகளாக ஒன்றும் அசையவில்லை. நம்மிடம் தன் காலில் நிற்கும் ஒரே தாவும் குடும்பம் லைன்-1.

முழு லைன்-1 ஒன்றின் நீளம் சுமார் 6,000 எழுத்து. செல் அதைச் சாதாரண மரபணு என்று எண்ணி ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அந்த ஆர்.என்.ஏ. உட்கருவைவிட்டு வெளியே வந்து இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. அந்தப் புரதங்கள் தங்களை உண்டாக்கிய அதே ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு உட்கருவுக்குத் திரும்புகின்றன. ஒரு புரதத்துக்கு இரண்டு திறமை: டி.என்.ஏ.வை வெட்டும், தலைகீழ் நகலும் எடுக்கும். அது டி எழுத்துகள் தொடர்ந்து வரும் இடமாகப் பார்த்து ஓர் இழையை வெட்டுகிறது. லைன்-1 ஆர்.என்.ஏ.வின் வால் முழுக்க ஏ எழுத்துகள். ஏ-யும் டி-யும் இணைசேர, அந்த இடத்திலிருந்தே ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதத் தொடங்குகிறது. நகலெடுப்பதும் ஒட்டுவதும் ஒரே வேலையாக நடக்கிறது.

ஆனால் எழுதுவது வாலிலிருந்து தலையை நோக்கி. பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடும். வால் இருக்கும், தலை இருக்காது. அப்படிப்பட்ட நகலால் மறுபடி தாவ முடியாது. நம் மரபணுத்தொகையில் லைன்-1 சுமார் 5 லட்சம் இடங்களில் இருக்கிறது, மொத்த டி.என்.ஏ.வில் 17 சதவீதம். அவற்றில் ஒருவரிடம் இன்னும் தாவக்கூடியவை 80 முதல் 100 வரைதான். மற்றவை சிதைந்த மிச்சம்.

லைன்-1-ஐவிடத் தந்திரமானது ஆலு. நீளம் வெறும் 300 எழுத்து. அதில் எந்தப் புரதத்துக்கான செய்முறையும் இல்லை. லைன்-1 தனக்காக உண்டாக்கிய புரதத்தைத் தட்டிப் பறித்துத் தன்னைப் பரப்பிக்கொள்கிறது. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைப் போலத்தான். இந்தக் குயிலுக்கு நம்மிடம் 10 லட்சத்துக்கும் மேல் நகல்கள் இருக்கின்றன, மரபணுத்தொகையில் பத்தில் ஒரு பங்கு. காக்கையைவிடக் குயில் எண்ணிக்கையில் இரண்டு மடங்கு.

எல்லா வகையையும் கூட்டினால் மனித டி.என்.ஏ.வில் குறைந்தது 45 சதவீதம் தாவும் துண்டுகளிலிருந்து வந்தது என்று 2001-இல் வெளியான மனித மரபணுத்தொகையின் முதல் வரைவே காட்டியது. புரதங்களுக்கான செய்முறை வெறும் 1.5 சதவீதம் அளவுக்குத்தான். மக்காச்சோளத்தில் இந்தப் பங்கு 85 சதவீதம் அளவுக்குப் போகிறது. உயிரியின் சிக்கலுக்கும் அதன் டி.என்.ஏ.வின் நீளத்துக்கும் பொருத்தமே இல்லாதது ஏன் என்று நெடுங்காலம் குழம்பினார்கள். ஆஸ்திரேலிய நுரையீரல் மீனுக்கு 4,300 கோடி எழுத்து, நம்மைப்போல் பதினான்கு மடங்கு. பூச்சியைப் பிடித்துத் தின்னும் ஒரு குட்டி நீர்த்தாவரத்துக்கு 8.2 கோடி மட்டுமே. ஆனால் மரபணு எண்ணிக்கையில் அது மற்றத் தாவரங்களுக்குக் குறைந்ததில்லை. வித்தியாசத்தின் பெரும்பகுதி தாவும் துண்டுகள் எவ்வளவு குவிந்தன, எவ்வளவு கழிந்தன என்பதில் இருக்கிறது.

இவ்வளவு எதற்காக? இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் வழுக்குகிறார்கள். ஒன்று, உயிரிக்கு ஏதோ பயன் இருப்பதால்தான் இவை இருக்கின்றன என்று நினைக்கிறார்கள். அல்லது வெறும் குப்பை என்று தள்ளிவிடுகிறார்கள். 1980-இல் பிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் ஒரு கட்டுரையிலும், டூலிட்டிலும் சபியென்சாவும் இன்னொரு கட்டுரையிலும் ஒரே இதழில் சொன்ன விளக்கம் எளிமையானது: தன்னைத்தானே நகலெடுக்கத் தெரிந்த துண்டு பரவும். அது பரவ அந்தத் திறமை மட்டுமே போதும். உயிரிக்கு நன்மை செய்ய வேண்டிய அவசியம் இல்லை. உயிரியைக் கொன்றுவிடாமல் இருந்தால் சரி. தாவும் மரபணுக்களைப் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும் இதை முதலில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது எல்லாம் இதன் பின்விளைவு.

பின்விளைவு கெட்டதாக இருக்கலாம். 1988-இல் ஹெய்க் கசாசியனின் குழு, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் 240 பேரின் டி.என்.ஏ.வைச் சோதித்தது. இருவரிடம், ரத்த உறைவுக்குத் தேவையான மரபணுவுக்குள் லைன்-1 செருகியிருந்தது. அவர்களின் பெற்றோரிடம் அந்தச் செருகல் இல்லை. அதாவது, தாவல் அண்மையில்தான் நடந்திருக்கிறது. மனிதரிடம் இவை இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன என்பதற்கு இதுவே முதல் நேரடிச் சான்று. ஒரு நோயாளியின் செருகலுக்கு மூலமான லைன்-1 இருபத்திரண்டாவது குரோமோசோமில் இருப்பதையும் பின்னர் கண்டுபிடித்தார்கள். புதிய ஆலு செருகல் ஒன்று ஏறத்தாழ 20 முதல் 40 பிறப்புகளுக்கு ஒரு முறை நடப்பதாக மதிப்பிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், மரபணு அல்லாத இடமே அதிகம் என்பதால் பெரும்பாலானவை எதையும் கெடுப்பதில்லை.

உயிரிகளும் சும்மா இருக்கவில்லை. தாவும் துண்டுகள் படியெடுக்கப்படாமல் இருக்க அவற்றின் மேல் மெத்தில் என்ற வேதிக்குழுவை ஒட்டிப் பூட்டிவைக்கின்றன. விலங்குகளின் விந்து, முட்டைச் செல்களில் பை-ஆர்.என்.ஏ. என்ற குட்டி ஆர்.என்.ஏ.க்கள் இருக்கின்றன, அவற்றின் எழுத்துவரிசை தாவும் துண்டின் ஆர்.என்.ஏ.வோடு பொருந்தும், பொருந்தியதை அழித்துவிடும். விந்து, முட்டைச் செல்களில் காவல் ஏன் இவ்வளவு பலமாக இருக்கிறது தெரியுமா? தோல் செல்லில் நடக்கும் தாவல் அந்த உடலோடு முடிந்துபோகும். விந்திலோ முட்டையிலோ நடந்தால் அது அடுத்த தலைமுறைக்குப் போகும். தாவும் துண்டுக்கு வேண்டியதும் அங்கேதான்.

இந்தக் காவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பழ ஈக்கள் காட்டின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடித்து ஆய்வகத்தில் வளர்த்துவந்த ஈக்களின் பெண்ணோடு, 1970-களில் வெளியே பிடித்த ஆண் ஈயைச் சேர்த்தால் குஞ்சுகள் மலடாகப் பிறந்தன. ஆணையும் பெண்ணையும் மாற்றிச் சேர்த்தால் ஒரு குறையும் இல்லை. காரணம், பி-கூறு என்ற தாவும் துண்டு. அது வேறோர் ஈ இனத்திலிருந்து இந்த இனத்துக்குள் புகுந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதற்கு முன்பே ஆய்வகத்துக்குள் வந்துவிட்ட ஈக்களிடம் அது இல்லை. பி-கூறு உள்ள தாய் ஈ தன் முட்டையில் அதை அடக்கும் பை-ஆர்.என்.ஏ.க்களையும் வைத்து அனுப்புகிறது. ஆய்வகத் தாயிடம் அந்தக் கையிருப்பு கிடையாது. தந்தையிடமிருந்து வரும் பி-கூறு தடையில்லாமல் தாவி, குஞ்சின் இனப்பெருக்கச் செல்களைச் சிதைத்துவிடுகிறது. ஆக, தாய் டி.என்.ஏ.வை மட்டும் கொடுப்பதில்லை, அதற்கு எதிரான காவலையும் சேர்த்துக் கொடுக்கிறாள். உயிரினம் விட்டு உயிரினம் இப்படித் தாவும் துண்டுகள் போவது அரிது, ஆனால் நடக்கிறது.

எப்போதாவது ஒரு செருகல் உயிரிக்கு உதவிவிடுவதும் உண்டு. தொழிற்புரட்சிக் காலத்து இங்கிலாந்தில் புகைக்கரி படிந்த மரங்களுக்கு ஏற்றாற்போல் கறுத்துப்போன அந்துப்பூச்சி பரிணாமத்துக்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. அதன் கறுப்புக்குக் காரணம் சுமார் 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் துண்டு என்று 2016-இல் தெரிந்தது. மனிதக் குரங்குகளுக்கும் நமக்கும் வால் இல்லாமல் போனதில் ஓர் ஆலு செருகலுக்குப் பங்கிருப்பதாக 2024-இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. அதே விளைவை எலியில் உண்டாக்கியபோது வால் குட்டையாகவோ இல்லாமலோ பிறந்தன.

இதைவிட ஆழமானது நம் நோயெதிர்ப்பு அமைப்பின் கதை. வாழ்நாளில் பார்த்தே இராத கிருமிகளுக்கும் நம் உடலால் எதிர்ப்புரதம் செய்ய முடிகிறது. வெள்ளையணுக்கள் தங்கள் டி.என்.ஏ.வின் சில துண்டுகளை வெட்டி, விதவிதமாக ஒட்டி, கோடிக்கணக்கான சேர்க்கைகளை உருவாக்குவதால்தான் அது முடிகிறது. அந்த வெட்டும் வேலையைச் செய்யும் ராக் என்ற புரதங்கள் பழங்காலத்து டிரான்ஸ்போசேஸ் ஒன்றிலிருந்து வந்தவை. அவை வெட்டும் இடத்தில் உள்ள எழுத்துவரிசைகள் அந்தத் துண்டின் இரு முனைகள்தான். சோதனைக்குழாயில் ராக் புரதங்கள் இன்னும் டிரான்ஸ்போசேஸ்போல் செருகவும் செய்யும் என்று 1998-இல் காட்டினார்கள். 2016-இல் முதுகெலும்பிகளின் தூரத்து உறவான ஈட்டிப்புழுவில் இதே மரபணுக்களைச் சுமக்கும் முழு டிரான்ஸ்போசானே கிடைத்தது. நஞ்சுக்கொடியிலும் இப்படியொரு விருந்தாளி உண்டு. தாய்க்கும் கருவுக்கும் இடையில் உள்ள அடுக்கின் செல்களை ஒன்றாக இணைக்கும் சின்சைட்டின் என்ற புரதம், தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிச் செல்லின் டி.என்.ஏ.வில் செருகும் பழைய ரெட்ரோவைரஸ் ஒன்றின் உறைப்புரதம். வைரஸ் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திய கருவி இப்போது கருவைக் காக்கும் வேலையில் இருக்கிறது. வெவ்வேறு பாலூட்டிக் குழுக்கள் இதை வெவ்வேறு வைரஸ்களிடமிருந்து தனித்தனியாகப் பெற்றிருக்கின்றன என்பதுதான் இன்னும் வியப்பு.

இவற்றைப் படித்துவிட்டு, உயிரி தேவையை உணர்ந்து மரபணுவைத் தாவச் செய்தது என்று நினைத்துவிடக்கூடாது. எண்ணற்ற செருகல்களில் பெரும்பாலானவை வீண், சில கேடு, மிகச் சில பயன்பட்டன. பயன்பட்டதை மட்டும் இயற்கைத்தேர்வு தக்கவைத்தது.

நாம் அன்றாடம் இவற்றின் சூட்டை உணர்வது பாக்டீரியாக்களால். ஆன்டிபயாட்டிக் மருந்தை முறியடிக்கும் மரபணுக்கள் பலவும் தாவும் துண்டுகளில் பயணிக்கின்றன. டிரான்ஸ்போசான் என்ற பெயரே 1974-இல் ஆம்பிசிலினை எதிர்க்கும் ஒரு துண்டுக்காக உருவாக்கப்பட்டது. பாக்டீரியாவின் குரோமோசோமிலிருந்து பிளாஸ்மிட் என்ற வளைய டி.என்.ஏ.வுக்கு அது தாவும். பிளாஸ்மிட் பக்கத்து பாக்டீரியாவுக்குப் போகும், வேறு இனமாக இருந்தாலும் போகும். அங்கே மறுபடி தாவும். ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்வது இப்படித்தான். ஒரு மருந்தைக் கொடுத்தால் அந்த ஒன்றுக்கான எதிர்ப்போடு சேர்ந்து மற்ற எதிர்ப்புகளும் பிழைத்துக்கொள்ளும்.

நகரத் தெரிந்ததை நமக்கு வேண்டியதைச் சுமக்கவும் வைக்கலாம். 1982-இல் ஜெரால்ட் ரூபினும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் பழ ஈயின் பி-கூறுக்குள் கண் நிற மரபணு ஒன்றை வைத்து ஈக்குள் செலுத்தினார்கள். குறையுள்ள ஈக்களின் சந்ததிக்கு இயல்பான கண் நிறம் திரும்பியது. 1997-இல் இன்னொரு வேடிக்கை. சால்மன் குடும்ப மீன்களில் ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே செத்துப்போன ஒரு டிரான்ஸ்போசானின் சிதைந்த நகல்களை ஒப்பிட்டு, எந்த எழுத்து எங்கே மாறிப்போனது என்று கணித்து, மூலத்தைத் திருத்தி எழுதினார்கள். அது உயிர்பெற்று மனித செல்லிலும் தாவியது. ஸ்லீப்பிங் பியூட்டி என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோய்ச் செல்களைத் தாக்கும்படி வெள்ளையணுக்களை மாற்றும் சிகிச்சை ஆய்வுகளில் மரபணுவைச் செலுத்த இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் ஒரே தலைவலி, எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாதது. 2019-இல் அதற்கும் ஒரு வழி பாக்டீரியாக்களிடமிருந்தே கிடைத்தது. வைரஸ்களை அடையாளம் கண்டு வெட்ட பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் கிரிஸ்பர் என்ற அமைப்போடு சேர்ந்து இயங்கும் சில டிரான்ஸ்போசான்கள், வழிகாட்டி ஆர்.என்.ஏ. சுட்டும் முகவரிக்கு அருகிலேயே துண்டைச் செருகுகின்றன. அந்த ஆர்.என்.ஏ.வை நாம் எழுதிக் கொடுத்தால் முகவரியும் நாம் சொல்வதுதான். பாக்டீரியாவில் இது நன்றாகவே நடக்கிறது. மனித செல்களிலும் அதே திறமையோடு நடக்கவைக்கும் முயற்சிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.